செம்பிக்கு இறக்கம் பழக்கியது

மேலே ஏலத்தோட்டத்தில் நாய் பார்க்கிற வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமார்களே,

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். முன்னங்காலில் அடிபட்டுப் புண் ஆறிய நாய் ஒன்று கையில் இருக்கிறது, அதை மறுபடி மலைக்கு ஆக்க என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று கேட்டார். அவர் பேசும்போது பின்னால் மழை பெய்துகொண்டிருந்தது. தகரத்தில் விழுகிற மழை. ஸ்டோர் கூரையாகத்தான் இருக்கும். ஏலக்காய் உலர்த்துகிற அந்தக் கட்டடத்தின் மேல் விழும் மழைக்குத் தனிச் சத்தம் உண்டு. நான் அதையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன். அவர் "அண்ணே, லைன்ல இருக்கீங்களா? அண்ணே!" என்று கத்திப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். இங்கே போடியில் அன்றைக்கு வெயில் பொசுக்கிக்கொண்டிருந்தது.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது சொல்கிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் படிக்கிறவர்கள் திண்டாடிப்போவார்கள் என்று அவளே ஒழுங்குபடுத்திக்கொள்கிறாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

முதலில் செம்பி யார் என்று சொல்ல வேண்டும். கோம்பை ஊர் நாய். பெட்டை. செம்பு அண்டாவைப் புளிபோட்டு விளக்கி வெயிலில் கவிழ்த்தால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். வாய் மட்டும் கரி. வால் முதுகின் மேல் வளையம்போலச் சுருண்டு நிற்கும். அந்த வாலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், மறந்துவிட்டால் ஞாபகப்படுத்துங்கள். அவள் எங்களிடம் வந்தபோது மலையடிவாரத்தில் இருக்கிற குரங்கணிக்கு மேலே ஜீப்பு ரோடு கிடையாது. அவளை ஒரு கூடையில் வைத்துத்தான் தூக்கிக்கொண்டு போனேன். அன்றைக்கு வழியில் நாவல் பழம் கொட்டிக் கிடந்தது. இப்போதும் அந்த மரம்…

"மாமா, நாயி" என்கிறாள் மருமகள்.

சரி, நாய். தோட்டத்து நாய்க்கு என்ன சோலி என்று உங்களுக்குத் தெரியும். காய் எடுப்புக் காலத்தில் காலையில் ஒரு தடவை, பொழுது சாய்வதற்குள் ஒரு தடவை எல்லையைச் சுற்றி வர வேண்டும். காட்டுப்பன்றி வந்து ஏலச்செடியின் தூரைக் கிளறிவிட்டால் வருடக்கணக்கில் வளர்ந்த செடி ஒரு நிமிடத்தில் போய்விடும். பச்சைக் காயை உருவிக்கொண்டு போகிற ஆட்களும் உண்டு. நாய் யாரையும் கடிக்க வேண்டியதில்லை. முன்னால் போய் நின்று குரைத்தால் போதும். ஆனால் எல்லை முழுக்க ஏற்றமும் இறக்கமும். மழையில் வழுக்கும். அட்டை கடிக்கும். அந்தச் சுற்றுக்கு உடம்பு இல்லாத நாயை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

செம்பி அதைப் பல வருடம் செய்தாள். பிறகு ஒரு மாசி மாதக் காலையில், எடுப்பு முடிகிற சமயம், ஒரு பன்றி அவளுடைய வலது தோள்பட்டையைக் கிழித்துவிட்டது. ஜீப்பில் போட்டுப் போடிக்குக் கொண்டுவந்தோம். மாட்டாஸ்பத்திரி டாக்டர் தைத்தார். நல்ல தையல். எலும்பு முறியவில்லை, ஆனால் சதை வற்றிப்போகும், பொறுமையாகப் பழக்குங்கள் என்றார்.

தோட்டத்து முதலாளி வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. நாயின் தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னார்.

"ஆடி எடுப்பு தொடங்குறதுக்குள்ள எல்லையைச் சுத்தி வந்துருமா, நாய்க்காரரே?"

"வந்துருவா முதலாளி."

"வரலேன்னா மதுரையில என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிருவோம். கேட்டுல கெடக்கட்டும், மூணு வேளை சோறு. நான் வேற நாய் வாங்கிக்கிறேன். எனக்கும் வேற வழியில்லப்பு."

அவர் போன பிறகு நான் செம்பியைப் பார்த்தேன். சங்கிலி, கேட்டு, தார் ரோடு. மேகம் காலுக்குக் கீழே போகிற இடத்தில் வளர்ந்தவள் அவள். எப்படியாவது ஆடிக்குள் மேலே கொண்டுபோய்விட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நான் செய்ததைச் சொல்கிறேன். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முதலில் நடை. மெதுவான நடை. அடிபட்ட நாய் வேகமாகப் போனால் மூன்று காலில் தப்பித்துக்கொள்ளும். நம் கண்ணுக்கும் தெரியாது. பிணத்தோடு நடப்பதுபோல மெதுவாகக் கூட்டிப்போனால்தான் நாலாவது காலையும் ஊன்றியாக வேண்டும். அதைப் பார்த்துத் தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அப்புறம் தண்ணீர். கொட்டகுடி ஆற்றில் தடுப்பணைக்குப் பக்கத்தில் தேங்கிய தண்ணீரில் அவள் நெஞ்சு நனைகிற ஆழம்வரை இறங்கி, வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நடப்போம். தண்ணீர் பாதி எடையை வாங்கிக்கொள்ளும். பிறகு ஆற்று மணல். அதற்கும் பிறகு வீட்டு வாசலில் தென்னை மட்டைகளை வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றாகத் தாண்டவிட்டேன். காலைத் தூக்கி வைக்கிற புத்தி மறுபடி வர வேண்டும். ஒரு நாள் வேலை கொடுத்தால் மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளில்தான் சதை ஏறும். இந்த ஒன்றை மட்டும் இளவட்டங்கள் கேட்பதே இல்லை.

சித்திரை முடிவதற்குள் அவள் நொண்டல் போய்விட்டது. மலைக்குத் தயார் என்று நினைத்தேன்.

இங்கேதான் நம் ஆட்கள் மட்டுமே செய்கிற தப்பு ஒன்று வருகிறது. செம்பி அடிபடுவதற்கு முன்பே தோட்டம்வரை ஜீப்பு ரோடு வந்துவிட்டது. காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் இறக்கிக்கொண்டு வரும். நாய்க்கு ஏற்றம் பழக்க நினைக்கிறவன் என்ன செய்வான்? குரங்கணியில் இறங்கிக்கொண்டு நடைபாதையில் நாயோடு மேலே ஏறுவான். மூச்சு வாங்கும், வியர்க்கும், வேலை நடந்ததாக இருக்கும். மேலே போனதும், "வேலை முடிஞ்சுது" என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்து கீழே வந்துவிடுவான். நானும் அதைத்தான் செய்தேன். இறக்கம் ஒரு வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜீப்பு ஓட்டினவன் எனக்கு மாப்பிள்ளை முறை. வாய் ஓயாது.

"என்ன மாமா, மகாராணிக்கு முன் சீட்டா, பின் சீட்டா?"

"பின்னாடியே வர்றோம். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

"டிக்கெட்டு?"

"உங்க அப்பன்கிட்ட வாங்கிக்க."

செம்பி ஜீப்பில் தானாகத் தாவி ஏறிவிடுவாள். குரங்கணியில் நிறுத்தினால் மட்டும் பின்பலகையின் விளிம்பில் நின்றுகொண்டு என்னைப் பார்ப்பாள். நான் தூக்கி இறக்கிவிடுவேன். செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன். மாப்பிள்ளையும் அப்படித்தான் நினைத்தான். "ஏறத் தெரியிது, எறங்கத் தெரியல, நம்ம முதலாளி மாதிரியே" என்று சொல்லிச் சிரிப்பான்.

அதை அப்படி நினைக்காத ஆள் ஒருத்தி இருந்தாள். குரங்கணியிலிருந்து மேலூர்களுக்குக் குதிரையில் சாமான் ஏற்றிப் போகிறவள். அரிசி, மண்ணெண்ணெய், சிமெண்டு எல்லாம் மேலே போகும். காப்பிக்கொட்டையும் எலுமிச்சையும் கீழே வரும். புருஷன் இருந்தவரை அவன் ஓட்டினான். அவனுக்குப் பிறகு அவள். அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை, அவளுக்குப் பிடிக்காது. என்னைவிடப் பல வயது சின்னவள். குதிரைகளை வைவாள் பாருங்கள், அப்படி ஒரு வசவை நான் எங்கும் கேட்டதில்லை. ஆனால் கையில் குச்சி கிடையாது.

வைகாசி கடைசியில் ஒரு சாயங்காலம், நான் செம்பியை ஜீப்பிலிருந்து தூக்கி இறக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணே, அது என்ன தெனமும் தூக்கி எறக்குறீங்க?"

"செல்லம்த்தா. பழகிப்போச்சு."

"மேல போகையில பாத்துருக்கேன். ஆடு மாதிரி ஏறுது. கீழ வரும்போது ஒருநாளும் கண்ணுல படலையே?"

"கீழ வரத்தான் ஜீப்பு இருக்கே."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற குதிரையின் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக் காட்டினாள்.

"ஏறும்போது பின்னங்காலு தள்ளும்ணே. எறங்கும்போது ஒடம்பு பூராம் முன்னங்கால்ல வந்து ஒக்காரும். ஏறுனதுல என் குதிரை ஒண்ணு கெட்டதில்ல. கெட்டது பூராம் எறக்கத்துலதான். ஒங்க நாய்க்கு எங்க அடி?"

"முன் தோள்பட்டை."

"அப்ப அது செல்லம் கொஞ்சல. அதுக்கு வலிக்கிது."

நான் ரோட்டிலேயே உட்கார்ந்து செம்பியின் இரண்டு தோளையும் சேர்த்துத் தடவிப் பார்த்தேன். பின்தொடை கல்லுமாதிரி இருந்தது. இடது தோள் சரி. வலது தோளில் கை வைத்தால் எலும்பு தட்டியது. ஒரு மாதத்துக்கும் மேலாக மலை ஏற்றி, அவளுடைய நல்ல காலையெல்லாம் வளர்த்துவிட்டு, கெட்ட காலை அப்படியே விட்டிருந்தேன். தினமும் அந்தப் பலகை விளிம்பில் நின்று அவள் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஆடிக்குள்ள ஆகுமாத்தா?" என்று கேட்டேன்.

"ஆகும்னு நான் சொன்னா நீங்க வெரசா ஓட்டுவீக. நாளைக்கு என் குதிரைக்குப் பின்னால வாங்க. அதோட நடைதான் ஒங்களுக்கும்."

பயிற்சி என்று கேட்டீர்களே தம்பி, நான் பார்த்ததில் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. லோடு ஏற்றிய குதிரை இறக்கத்தில் அவசரப்படாது. ஒவ்வொரு காலாக வைத்து, கல்லைச் சோதித்து, பக்கவாட்டில் சாய்ந்து வளைந்து வளைந்து இறங்கும். பாதை ஒற்றையடிப் பாதை. பின்னால் வருகிற நாயால் முந்த முடியாது. குதிரை நின்றால் அதுவும் நிற்க வேண்டும். பாதி இறக்கத்தில் நிற்பது இருக்கிறதே, அதுதான் தோளுக்கு வேலை. நான் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டியதே இல்லை. குதிரையின் கழுத்து மணிதான் அவளுக்குக் கட்டளை. மணி கேட்டால் நடப்பாள். மணி நின்றால் நிற்பாள். முதல் நாள் கொஞ்ச தூரம் மட்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம்.

அப்போதுதான் வாலைக் கண்டுபிடித்தேன். மறக்கவில்லை, பார்த்தீர்களா. தெம்பு இருக்கிறவரை செம்பியின் வால் முதுகின் மேல் சுருண்டிருக்கும். தோள் களைத்துவிட்டால், நடை மாறுவதற்கும் முன்னாலேயே, அந்தச் சுருள் மெல்ல அவிழும். அவிழ்ந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்துவிடுவோம். குதிரைக்காரி திரும்பிப் பார்த்து, "என்ன, ராணி கொடிய எறக்கிட்டாகளா?" என்பாள். எங்களை விட்டுவிட்டுப் போய்விடுவாள். மணிச் சத்தம் வளைவுக்கு வளைவு கீழே கீழே போய்க்கொண்டிருக்கும். எலுமிச்சை வாசனையோ, மழை வரப்போகிற மண் வாசனையோ ஏதாவது ஒன்று வரும். செம்பி காதை விறைத்துக்கொண்டு மணி போன திசையையே பார்த்துக்கொண்டிருப்பாள். நானும்தான். என் வாழ்க்கையில் சும்மா உட்கார்ந்திருந்த நேரங்களில் அந்த நேரம் மட்டும் எனக்குத் திரும்ப வேண்டும் என்று தோன்றுகிறது. வேறு எதுவும் வேண்டாம்.

"இதையும் எழுதவா மாமா?" என்று கேட்கிறாள் மருமகள். எழுதம்மா.

ஆனி பாதிக்கு மேல் வரை இறங்கினோம். தோளில் சதை பிடிக்கத் தொடங்கியது. ஜீப்புப் பலகையிலிருந்து ஒருநாள் தானாகக் குதிப்பதற்குக் காலை நீட்டினாள், நான்தான் விடவில்லை. இன்னும் ஒரு மாதம் கிடைத்திருந்தால் போதும். ஆனால் அந்த வருடம் மழை நேரத்தோடு பிடித்துக்கொண்டது. காய் முன்னாடியே திரண்டுவிட்டது. முதலாளி ஆள் அனுப்பிவிட்டார், எல்லையைச் சுற்றிக் காட்டு என்று.

காலையில் கிளம்பினோம். முதலாளி குடையோடு பின்னால் வந்தார். செம்பிக்குப் பழைய இடம், பழைய வாசனை. அவள் போன போக்கைப் பார்த்து எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. மேட்டு எல்லை ஏறினாள். மேலே சமமான பாதையில் எனக்கு முன்னால் போய்ப் போய்த் திரும்பி வந்தாள். பன்றி கிளறின பழைய பள்ளத்தில் நின்று குரைத்தாள். "அட, அப்படியே இருக்காளே!" என்றார் முதலாளி. பாதிச் சுற்றுக்கும் மேல் முடிந்துவிட்டது. மிச்சம் ஓடை இறக்கம் ஒன்றுதான்.

உங்களுக்குத் தெரியும் அந்த இடம். வலது பக்கம் ஒரு பெரிய பாறை, இடது பக்கம் மூங்கில் புதர். அங்கிருந்து எல்லை செங்குத்தாக ஓடைக்கு இறங்கும். ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டுத் தாண்டினால் ஸ்டோர். சுற்று முடிந்தது. செம்பி எப்போதும் அந்த ஓடையில்தான் தண்ணீர் குடிப்பாள். வழியில் எங்கே ஊற்று இருந்தாலும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

இறங்கத் தொடங்கினாள். மழைத் தரை. நான் பின்னால். கொஞ்சம் இறங்கியதும் வாலைப் பார்த்தேன். சுருள் அவிழ்ந்திருந்தது.

நடையில் ஒன்றும் தெரியவில்லை. முதலாளிக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. கீழே ஓடைச் சத்தம் கேட்டது. நான் பேசாமல் இருந்தால் அவள் இறங்கிவிடுவாள். தண்ணீர் குடிப்பாள். முதலாளி சரி என்பார். செம்பி எங்கும் போக வேண்டாம். இத்தனை மாதம் பட்ட பாடு இதற்காகத்தான். ஆனால் பொழுது சாய்வதற்குள் இன்னொரு சுற்று வர வேண்டும். நாளைக்கு இரண்டு. மழையில், மாசி வரைக்கும். அந்தத் தோள் என்றைக்காவது ஒரு நாள் இந்த இறக்கத்தில் மடங்கும். அப்புறம் நாலு காலும் இல்லை, செம்பியும் இல்லை.

"செம்பி, நில்லு" என்றேன்.

நின்றாள். பாதி இறக்கத்தில் நிற்க அவளுக்குத்தான் பழக்கியிருக்கிறேனே. நான் இறங்கிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து அந்தப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளிக்குப் புரியவில்லை. "என்னப்பு, நல்லாத்தான போனா?"

"போவா முதலாளி. இன்னைக்குப் போயிருவா. தெனமும் போனா தோளு விட்டுரும். இன்னும் ஒரு மாசம் வேணும்."

"காய் ஒரு மாசம் நிக்கிமா?"

"நிக்காது."

"பன்னி ஒரு மாசம் நிக்கிமா?"

நான் செம்பியின் தோளை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் குடையை மடக்கி, மறுபடி விரித்தார்.

"நீ வாயத் தொறக்காம இருந்துருந்தா நான் சரின்னுதான்ய்யா சொல்லிருப்பேன்" என்றார்.

"தெரியும் முதலாளி."

அன்று சாயங்காலமே செம்பியை அனுப்ப ஏற்பாடு ஆகிவிட்டது. மறுநாள் புது நாய் வருகிறது. அதைப் பழக்க நான் மேலேயே இருக்க வேண்டும். ஜீப்பு வந்து நின்றது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கீழே போகிற அதே ஜீப்பு. செம்பி யாரும் சொல்லாமலே தாவி ஏறிவிட்டாள். ஏறி, வழக்கம்போல நான் உட்காரும் இடத்தை விட்டுவிட்டுத் தள்ளிப் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் ஏறவில்லை.

அன்றைக்கு என் மாப்பிள்ளை ஒரு கேலியும் பேசவில்லை. "மாமா, நான் பதனமாக் கொண்டுபோறேன். குரங்கணியில நானே தூக்கி எறக்குறேன்" என்று மட்டும் சொன்னான். ஜீப்பு வளைவு திரும்புகிறவரை அவள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டே போனாள்.

புது நாயும் நல்ல நாய்தான். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இறக்கத்தையே முதலில் பழக்கினேன், குதிரைக்குப் பின்னால்தான். குதிரைக்காரி செம்பியைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டாள். சொன்னேன். "நிறுத்தினது சரிதாண்ணே" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "எனக்குன்னா மனசு வந்துருக்காது" என்றாள்.

எடுப்பு முடிந்ததும் மதுரைக்குப் போனேன். அப்போது போடிக்கு ரயில் இல்லை, பஸ்சுதான். முதலாளியின் தங்கச்சி வீடு மூன்று மாடி. அந்தம்மா நல்ல மாதிரி. என்னைக் கண்டதும் புகார்தான்.

"வாங்க நாய்க்காரரே, ஒங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன். கட்டிப்போட்டா ஒரே ஊளை. அவுத்துவிட்டா மொட்டமாடிக்கு ஏறிப் போயிருது. ஏறிட்டா எறங்க மாட்டேங்குது. தெனமும் ரெண்டு பேரு தூக்கிட்டு வர்றோம். கனம் வேற கனக்குது!"

"மேல என்னம்மா செய்யிறா?"

"ஒண்ணும் செய்யல. சும்மா ஒக்காந்துருக்கு."

மேலே போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு பெருத்திருந்தது. குதிக்கவில்லை, குரைக்கவில்லை. எழுந்து வந்து என் முழங்காலில் தலையை முட்டி அப்படியே வைத்துக்கொண்டாள். தடவிப் பார்த்தேன். வலது தோள் மறுபடி இளைத்திருந்தது. அங்கிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர்த் தொட்டிகள்தான். மலை கண்ணுக்கு எட்டவில்லை. இருந்தாலும் அந்த வீட்டில் உயரமான இடம் எது என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

படிக்கட்டின் தலைப்பில் வந்து நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். ஜீப்புப் பலகையில் நின்று பார்ப்பாளே, அதே பார்வை. எனக்குக் கை நீண்டது, தூக்குவதற்கு. நிறுத்திக்கொண்டேன்.

கீழே போய் அந்தம்மாவிடம் சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கினேன். செம்பிக்கு முன்னால் திரும்பி நின்று, லோடு ஏற்றிய குதிரைபோல ஒரு படி சாய்ந்து இறங்கினேன். சாவிக்கொத்தைக் குலுக்கினேன். நின்றேன். அவள் காது விறைத்தது. மறுபடி ஒரு படி, மறுபடி ஒரு குலுக்கல்.

கீழேயிருந்து அந்தம்மா, "என்ன நாய்க்காரரே, பூசாரி மாதிரி ஆட்டிக்கிட்டு வர்றீங்க? சாமி வருதா?" என்று கேட்டார்.

"வருதும்மா. சத்தம் போடாதீங்க."

எனக்குப் பின்னால் நகம் சிமெண்டில் படுகிற சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நான் நின்றால் அவளும் நின்றாள். மூன்று மாடியையும் அப்படித்தான் இறங்கினோம். கீழே வந்ததும் திரும்பி வாலைப் பார்த்தேன். சுருள் அப்படியே இருந்தது.

அந்தம்மாவுக்கும் அதைப் பழக்கிக் கொடுத்தேன். எவ்வளவு மெதுவாக இறங்க வேண்டும், வால் அவிழ்ந்தால் எங்கே உட்கார வேண்டும், எந்த நாள் ஓய்வு என்று. "இதுக்கு இம்புட்டுப் பொறுமையா?" என்று அலுத்துக்கொண்டார். ஆனால் செய்தார். சங்கிலியையும் கழற்றிவிட்டார். செம்பி அந்த வீட்டில் நாலு காலோடு கிழவியாகிற வரைக்கும் இருந்தாள். காலையில் மேலே ஏறி, சாவிச் சத்தம் கேட்டதும் கீழே இறங்கி வருவாளாம். மலைக்கென்று பழக்கின உடம்பு ஒரு மாடிப்படிக்கு ஆயிற்று. அது வீண் என்று நான் நினைக்கவில்லை. 

நான் புறப்பட்டபோது அவள் கடைசிப் படியின் கீழே நின்றிருந்தாள். என் கையைப் பார்த்தாள். சாவிக்கொத்தை அந்தம்மாவிடம் கொடுத்துவிட்டிருந்தேன்.

தம்பி, நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். உங்கள் நாயை ஜீப்பில் ஏற்றாதீர்கள். இறக்கத்தை முதலில் பழக்குங்கள். தோளைக் கையால் பாருங்கள், வாலைக் கண்ணால் பாருங்கள். நாய் போகிறதே என்று விட்டுவிடாதீர்கள். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் வேலை, அதன் வேலை இல்லை.

எனக்கும் இப்போது முழங்கால் போய்விட்டது. ஏறிவிடுவேன், இறங்கத்தான் முடியவில்லை. வீட்டு வாசலில் இருக்கிற இரண்டு படிக்கு மருமகள் கையைப் பிடிக்கிறாள். காலையில் இந்தத் தெருவில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஆட்டோ போனால் வாசனை உள்ளே வரும். அது போகிறவரை நான் பேசுவதில்லை. அவளுக்கும் தெரியும், காத்திருப்பாள்.

அந்த எடுப்புக்குப் பிறகு எத்தனையோ வருடம், எத்தனையோ நாயோடு அந்த எல்லையைச் சுற்றியிருக்கிறேன். எல்லா நாய்களும் ஓடையில் தண்ணீர் குடித்திருக்கின்றன. ஆனாலும் அந்தப் பாறைக்கு வரும்போதெல்லாம், இன்னும் முடியாத ஒரு சுற்று பாதியில் நிற்பதாகத்தான் எனக்குத் தோன்றும். நீங்கள் நாளைக்கு அந்தப் பக்கம் போவீர்கள். பாறையில் கொஞ்சம் உட்கார்ந்து நாய் ஆறட்டும். பிறகு மெதுவாக இறங்குங்கள். அது தண்ணீர் குடிக்கும்போது எனக்கு ஒரு போன் போடுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். போனை ஓடைப் பக்கம் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். நான் லைனில்தான் இருப்பேன்.